பிழையான எழுத்தைத் தொட்டால்

வவுனியாவில் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு போட்டோகொப்பிக் கடை இருந்தது. அதன் பின்னறையில் நான் இரண்டு வருடம் கம்பியூட்டர் படிப்பித்தேன். படிப்பித்தேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு கம்பியூட்டர்கள் இருந்தன. ஒன்று ஒழுங்காக வேலை செய்யும். மற்றது மழைக்காலத்தில் எழும்பாது. வகுப்புத் தொடங்குவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னர்தான் நானே அந்தக் கம்பியூட்டர் முன்னால் கதிரையில் இருந்து மவுஸைப் பிடிக்கப் பழகியிருந்தேன்.

கிளிநொச்சியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது இடம்பெயர்ந்தோம். பரீட்சை எழுதவில்லை. காட்டோரக் கொட்டில் ஒன்றில் ஐயா காய்ச்சலில் போனார். அதன்பிறகு அம்மாவும் நானும் வவுனியாவுக்கு வந்து மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மாமா பிணை நின்றபடியால் அகதி முகாமுக்குப் போகாமல் தப்பினோம். ஆனாலும் வவுனியாவில் தங்க அனுமதிக்கும் பாஸ் முடியும் நாள் வந்தால் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் கடையைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். அவர் சிறுமியாக இருந்தபோது மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றமொன்றில் தோட்டம் செய்திருந்தார்கள். வயலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற புருசனை ஷெல் கொண்டுபோனது. இப்போது முகாமில் இருந்தார். காலையில் பாஸ் எடுத்து வெளியே வந்தால் பின்னேரம் திரும்பிவிட வேண்டும். கூடவே மகளையும் கூட்டிக்கொண்டு வருவார்.

"டீச்சர், இவ ஒரு மூலையில ஒக்காந்துக்கட்டும். தொந்தரவு பண்ண மாட்டா."

பிள்ளைக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. இரட்டைப் பின்னல், பெரிய முழங்கால்கள், கடித்துக் கடித்துத் தேய்ந்த நகங்கள். கதவு நிலையோடு சாய்ந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன வகுப்பு படிக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். தாய்தான் மறுமொழி சொன்னார்.

"ஒன்னாம் வகுப்புல போட்டுட்டாங்க டீச்சர். மூணு வருசம் பள்ளிக்கூடமே இல்லாம ஓடிக்கிட்டே இருந்தோமில்ல. எழுத்து ஒன்னும் தெரியாது. முகாம் பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைங்களோட ஒக்கார வச்சாங்க. அதுங்க எல்லாம் 'பெரியக்கா, பெரியக்கா'ன்னு சிரிக்குதுங்களாம். அடிச்சுப் பாத்துட்டேன். போகவே மாட்டேங்கிறா."

அடுத்த நாள் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். 'அ' எழுதிக் காட்டினேன். அவள் இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டாள். கொப்பியைக் கண்டாலே அவளுக்கு அந்த வகுப்பறை ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொப்பியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில்தான் கடைக்கார அண்ணை கொழும்புக்குப் போய்ச் சாமான்களோடு சில சீடிகளும் கொண்டுவந்தார். நடைபாதையில் வாங்கியவை. அவற்றில் ஒன்று கம்பியூட்டர் விளையாட்டுச் செய்யும் மென்பொருள். கட்டளை எழுதத் தெரியாதவர்களும், சின்னப் பிள்ளைகளும்கூட, தாங்களே விளையாட்டுச் செய்யலாம் என்று அதன் உறையில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"பிள்ளை, இது எனக்கு விளங்காது. நீங்கள் தட்டிப் பாருங்கோ," என்று என்னிடம் தந்தார்.

வகுப்பில்லாத மத்தியான நேரங்களில் தட்டிப் பார்த்தேன். மிகவும் இலகுவாக இருந்தது. ஒரு படத்தைத் திரையில் இழுத்து வைக்க வேண்டும். பிறகு பெட்டி பெட்டியாக ஓர் அட்டவணை வரும். இதைத் தொட்டால் அது நடக்கட்டும், இது அதோடு முட்டினால் மறையட்டும் என்று பெட்டிகளில் குறித்துவிட்டால் போதும். முதன்முதலாக ஒரு பந்து நான் சொன்னபடி சுவரில் முட்டித் திரும்பியபோது கையைத் தட்டினேன். பரீட்சை எழுதாமல் போன பிறகு கணக்கில் நான் கொண்ட முதல் சந்தோசம் அது.

அப்போதுதான் அந்தப் பிள்ளையின் நினைவு வந்தது. கம்பியூட்டர் யாரையும் பார்த்துச் சிரிக்காது. எத்தனை வயது என்று கேட்காது. அவளுக்காக ஓர் எழுத்து விளையாட்டுச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். அவளுக்காக என்று அன்று நம்பினேன். என்னாலும் ஒன்று செய்ய முடியும் என்று எனக்கே காட்டவும் அது தேவைப்பட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

விளையாட்டு இதுதான். ஓர் ஆட்டுக்குட்டி வழி தவறி நிற்கும். கீழே ஐந்து எழுத்துகள் வரிசையாக இருக்கும். மேலே ஒரு படம் வரும். அம்மா என்றால் 'அ'வைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் ஆட்டுக்குட்டி வீட்டை நோக்கி ஓர் அடி வைக்கும். பிழையானதைத் தொட்டால் அந்த எழுத்து மறைந்துபோகும்.

மென்பொருளோடு நூற்றுக்கணக்கான படங்கள் வந்திருந்தன. விண்கலங்கள், டாங்கிகள், துவக்குப் பிடித்த மனிதர்கள், கோட்டைகள், பல் நீண்ட பூதங்கள். ஆட்டுக்குட்டி இல்லை. சேலை கட்டிய பெண் இல்லை. தமிழ் எழுத்துகளும் அதற்குள் வரவில்லை, கட்டங்கட்டமாகவே தெரிந்தன. ஆகவே எல்லாவற்றையும் மவுஸால் நானே கீறினேன். மவுஸால் 'ஆ' கீறுவது காலால் கோலம் போடுவது மாதிரி. என் 'ஆ'வின் சுழியில் ஓர் இடத்தில் கை நழுவி சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. திருத்தப் போனால் இன்னும் கெட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

நான் கீறுவதைப் பார்க்க அவள் கதவடியிலிருந்து மேசையடிக்கு வந்தாள். ஒரு நாள் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"இது நாய் மாதிரி இருக்கு, ரீச்சர்."

"ஆட்டுக்குட்டி."

"ஆட்டுக்கு வால் இப்பிடி வராது. காதும் இப்பிடி நிக்காது, தொங்கும்."

அவள் சொன்னபடி காதைத் தொங்கவிட்டேன். அது ஆடாகியது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிழையான எழுத்து மறைவதற்கு, 'அழி' என்ற பொருள்படும் ஒரு குறியை அட்டவணையில் போட்டேன். ஓடவிட்டுப் பார்த்தபோது எழுத்து மறையும் இடத்தில் மஞ்சளாக ஏதோ பூப்போல விரிந்து போனது. அதை நான் போடவில்லை, மென்பொருள் தானாகச் சேர்த்திருந்தது. வடிவாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அப்போது அந்தக் கம்பியூட்டருக்கு ஸ்பீக்கர் இல்லை.

விளையாட்டு முடிந்த கிழமை கடைக்கார அண்ணை ஒரு சோடி ஸ்பீக்கர் கொண்டுவந்து பூட்டினார். "சின்னப் பிள்ளையள் விளையாடுறதெண்டால் சத்தமும் வேணுமெல்லோ," என்றார். நல்ல மனதோடுதான் செய்தார். சத்தத்தைக் கூட்டியும் வைத்தார்.

பிள்ளையைக் கதிரையில் இருத்தினேன். கால்கள் நிலத்துக்கு எட்டவில்லை. முதல் படம் அம்மா. சரியாகத் தொட்டாள். ஆட்டுக்குட்டி நடந்தது. இரண்டாவது இலை. கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஈ'யைத் தொட்டாள்.

அறையே அதிரும்படி வெடித்தது.

நானே துள்ளிப்போனேன். திரும்பிப் பார்த்தபோது கதிரை காலியாக இருந்தது. அவள் மேசைக்குக் கீழே போயிருந்தாள். காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தி, முழங்காலுக்குள் தலையை வைத்து, சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். அழவில்லை. அவளுடைய சட்டையின் கீழிருந்து நிலத்தில் ஈரம் பரவி வந்தது.

தாய் முன்னறையிலிருந்து ஓடிவந்தார். மேசைக்குக் கீழே தானும் குனிந்து நுழைந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு வெளியே வந்து அந்த ஈரத்தைத் தன் துணியால் துடைத்தார்.

"அக்கா, எனக்குத் தெரியாது அக்கா. அப்பிடிச் சத்தம் வரும் எண்டு எனக்குத் தெரியாது."

"பரவாயில்ல டீச்சர். அவங்கப்பாவுக்குச் சோறு கொண்டுபோனப்ப பாத்துட்டா. அதுலருந்து இப்படித்தான். நீங்க என்ன பண்ணுவீங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவள் நான். அந்த மஞ்சள் பூ என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாங்கியும் துவக்கும் நிறைந்த பெட்டிக்குள்ளிருந்துதான் அதை எடுத்தேன் என்பதைக்கூட யோசிக்காமல் விட்டேன்.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை வரவில்லை. முகாமில் பக்கத்துக் கொட்டில்காரர்களோடு விட்டுவிட்டு வருவதாகத் தாய் சொன்னார்.

அந்த வெடிப்பை எடுக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. எந்தப் பெட்டியில் அது ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தேன். பிழையான எழுத்து இனி மறையாது. தொட்டதும் ஓர் அடி முன்னால் வந்துவிட்டு, மெதுவாக நடந்து தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கரைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அவளாகவே தாயோடு வந்தாள். கதவடியில் நின்றாள்.

"அது இன்னும் வெடிக்குமா?"

"இல்லை. எடுத்திட்டன்."

"நீங்கள் முதல்ல செய்து காட்டுங்கோ."

பத்துத் தரம் பிழையான எழுத்துகளைத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொரு தரமும் எழுத்து பேசாமல் நடந்து போய்த் தன் இடத்தில் நின்றது. பதினோராவது தரம் அவளே மவுஸை வாங்கினாள்.

அதன்பிறகு நடந்ததை என்னால் இன்றும் சரியாக விளக்க முடியாது. ஐந்து ஐந்தாகப் புது எழுத்துகளைக் கீறிச் சேர்த்தேன். மூன்று மாதத்துக்குள் எழுத்துகள் எல்லாம் வந்துவிட்டன. ஒளித்து வைத்த கொப்பியை அவளே தேடி எடுத்து எழுதினாள். 'ஆ' எழுதும்போது சுழியில் ஒரு சின்ன இடைவெளி விட்டுத்தான் எழுதுவாள். அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தாள். எவ்வளவு சொல்லியும் மாற்ற முடியவில்லை. எண்களுக்கும் ஒரு விளையாட்டுச் செய்தேன். கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே தாயோடு முகாமுக்கு நடந்து போவாளாம்.

ஆட்டுக்குட்டி போய்ச் சேரும் வீட்டை மாற்றச் சொல்லி ஒரு நாள் கேட்டாள். நான் கீறிய வீடு பிழையாம்.

"முன்னுக்குக் கிணறு வரவேணும். அங்க இல்ல ரீச்சர், இந்தப் பக்கம். கிணத்தடியில தேசிக்காய் மரம். வீட்டுக்கு ஒரு கதவுதான். மற்றப் பக்கம் சாக்குத்தான் தொங்கும்."

அவள் சொல்லச் சொல்லக் கீறினேன். முடிந்ததும் தாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஈரக் கையோடு வந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"எங்க வீடு டீச்சர்," என்றார். "தேசிக்கா மரம் அவரு வச்சது."

இரண்டாயிரமாம் ஆண்டு முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது. ஒரு காலை அக்கா ஒரு படிவத்தோடு வந்தார். தாயும் மகளும் கொழும்புக்குப் போக அனுமதி கேட்கும் படிவம்.

"எங்க சின்னம்மா அங்க இருக்காங்க. ரெண்டு வாரம் போய்ப் பாத்துட்டு வர்றோம். நீங்க இங்கிலீசுல எழுதிக் குடுங்க டீச்சர்."

எழுதினேன். போகும் காரணம், உறவினரைப் பார்த்தல். என் கையெழுத்து வடிவானது. ஒரு வெட்டுக் கொத்து இல்லாமல் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்தேன். பிள்ளை கடல் பார்க்கப் போவதாகச் சொன்னாள். அனுமதியும் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா தனியாக வந்தார். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கூட்டத் தொடங்கினார்.

"எங்கை அக்கா பிள்ளை?"

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன் டீச்சர்."

"சின்னம்மா வீட்டிலயா?"

அவர் கூட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். சின்னம்மா வேலை செய்யும் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை தேடினார்களாம். வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். படிக்க வைப்பதாகவும் சொன்னார்களாம்.

"அவவுக்குப் பத்து வயதக்கா! வேலைக்கு விட்டிட்டு வந்திருக்கிறியள்!"

"அங்க மூணு வேளை சோறு கெடைக்கும். முகாமுல இன்னும் ரெண்டு வருசம் போனா அவ பெரிய புள்ளையாயிருவா. சாக்கு மறைப்புக்குப் பின்னாடி நான் எப்படி வச்சுக் காப்பாத்துவேன்? நீங்க சொல்லுங்க."

அவர் கூட்டுவதை நிறுத்திவிட்டு, என்னைச் சமாதானப்படுத்த நினைத்து இன்னொன்றும் சொன்னார்.

"எல்லாம் ஒங்களாலதான் டீச்சர். ஒன்னும் தெரியாத புள்ள வேணாம்னு சொன்னாங்க. போன் வந்தா நம்பர் எழுதி வைக்கணும், சாமான் பேரு வாசிக்கணுமாம். இவ அங்கயே ஒரு பேப்பர எடுத்துப் படிச்சுக் காட்டினா. ஒடனே எடுத்துக்கிட்டாங்க."

நன்றியோடுதான் சொன்னார். நான் முகம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் அவள் இன்றும் கதவடியில் நின்றிருப்பாள் என்ற நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

அந்த வருடம் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று எனக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பாஸ் எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சை முடிந்ததும் அக்கா தந்த விலாசத்தைத் தேடிப்பிடித்தேன். உயரமான மதில், இரும்புப் படலை. மணியை அடித்ததும் அவள்தான் வந்தாள். பேன் என்று தலைமயிரைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். வளர்ந்திருந்தாள். விரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிப் போயிருந்தன.

"ரீச்சர்!" என்றாள். படலையைத் திறக்கவில்லை. திறக்க அனுமதி இல்லையாம். கம்பிக்கு இடையால் கதைத்தோம்.

"பள்ளிக்கூடம் விட்டவையா?"

"அடுத்த வருசம் எண்டு சொல்லுகினம்."

"வாசிக்கிறியா?"

"சாமான் துண்டு எழுதுவன். ரெலிபோன் நம்பர் எழுதுவன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இங்க கம்பியூட்டர் இருக்கு ரீச்சர். நான்தான் தூசி துடைக்கிறனான். தொடக் கூடாது. இந்த வீட்டு அண்ணா விளையாடுறவர். எல்லாம் வெடிக்கிற விளையாட்டு."

"பயமில்லையா?"

"முந்திக் குசினிக்குள்ள ஓடிப்போயிடுவன். ஏசுவினம். இப்ப ஓடுறேல்ல."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நான் கொண்டுபோயிருந்த பிஸ்கட் பெட்டியைக் கம்பிக்கு இடையால் நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அவளைக் கூப்பிட்டது. பெட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, "அம்மாட்ட நான் சுகம் எண்டு சொல்லுங்கோ," என்றபடி ஓடிப்போனாள்.

வவுனியாவுக்குத் திரும்பிய அன்று அக்கா எனக்காகக் கடை வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா டீச்சர்? நல்லா இருக்காளா?"

"ஓம் அக்கா. நல்லா இருக்கிறா."

"மெலிஞ்சிட்டாளா?"

"இல்லை. வளர்ந்திட்டா."

"ஸ்கூலுக்குப் போறாளா?"

"அடுத்த வருசம் விடுகினமாம்."

அவர் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த ஆறுதலைத் தவிர வேறு என்ன இருந்தது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இரண்டு மாதம் அப்படியே போனது. ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு முன்னால் நிலம் துடைத்தார். ஒரு நாள் தாங்க முடியாமல், பூட்டிய படலையை, வெட்டிய தலைமயிரை, குசினிக்குள் ஓடியதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"வந்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே போயிருப்பேன் டீச்சர்," என்றார். அவர் என்மேல் வைத்த ஒரே குற்றம் அதுதான். அது முழுக்க உண்மை.

அவர் மீண்டும் அனுமதி எடுத்துப் போக ஆறு கிழமை ஆனது. போனவர் முகாமுக்குத் திரும்பி வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு மலையகத்துக்கே போய்விட்டார் என்று முகாமில் ஒருவர் சொன்னார். இல்லை, பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள், தாய் கொழும்பிலேயே தேடிக்கொண்டு திரிகிறார் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டு விலாசத்துக்கு எழுதிய கடிதம் இரண்டுக்கும் மறுமொழி வரவில்லை.

கடைக்கார அண்ணை அந்த வருடக் கடைசியில் பழைய கம்பியூட்டர்களை விற்றார். விற்பதற்கு முன் உள்ளே இருந்ததெல்லாவற்றையும் அழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை என்னிடம்தான் தந்தார். ஒரு பிளொப்பியில் எடுத்து வைக்கப் பார்த்தேன். விளையாட்டு அதற்குள் அடங்கவில்லை. நான் வகுப்பை விட்டுவிட்டு ஒரு கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். அதன்பிறகு எந்தப் பிள்ளைக்கும் நான் எழுத்துப் படிப்பிக்கவில்லை.